டிராகுலாவுக்கு வெயில் ஆகாமல் போனது எப்போது?

கேள்வி: வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி பொசுங்கிவிடும் என்பது ஐரோப்பிய நாட்டுப்புற நம்பிக்கையா? பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப் படங்களை இன்னமும் தேடித் தேடிப் பார்க்கிறார்களே, அப்படி என்னதான் இருக்கிறது அவற்றில்?

பதில்: நம்பிக்கை இல்லை, சினிமா கட்டிவிட்ட கதை. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலில் (1897) டிராகுலா பிரபு பட்டப்பகலில் லண்டன் பிக்காடிலியில் நடமாடுகிறார். பகலில் அவர் சக்தி குறையும், அவ்வளவுதான். கடைசியில் சாவதும் கத்தியால்.

வெயிலால் கொன்றவர் ஜெர்மன் இயக்குநர் முர்னாவ். படம், 1922-ல் வந்த 'நோஸ்ஃபெராட்டு'. நாவலுக்கு உரிமை வாங்காமல் பெயர்களை மாற்றி எடுத்தார்கள்; டிராகுலா, ஓர்லோக் ஆனார். ஒரு பெண் விடியும்வரை அவரைத் தன் அறையிலேயே இருத்திவைக்கிறாள். சேவல் கூவுகிறது. ஜன்னலோரம் வந்தவர் வெளிச்சம் பட்டு மங்கி, காணாமலே போகிறார். தரையில் கொஞ்சம் புகை மட்டும். ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குப் போட, பிரதிகளை எல்லாம் அழிக்கச் சொல்லி 1925-ல் தீர்ப்பானது. தப்பிப் பிழைத்த பிரதிகளால்தான் இன்று படம் நம் கையில் இருக்கிறது. 1958-ல் இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் எடுத்த வண்ண 'டிராகுலா'வில் பீட்டர் குஷிங் மேஜை மேல் ஓடித் தாவித் திரைச்சீலையைக் கிழித்து இழுக்க, டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீ சாம்பலானார். அதற்குப் பிறகு யார் நாவலைப் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

வேடிக்கை என்னவென்றால், வெயிலில் சாகும் இதே ஓர்லோக் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வரும் 'இரவு'க் காட்சியை எடுத்ததே பகலில்தான். அந்தக் காலத்து ஃபிலிமுக்கு இருட்டில் ஒன்றும் பதியாது. பகலில் எடுத்து, பிரதிக்கு நீலச் சாயம் ஏற்றிவிட்டால் இரவு. சாயம் போன பிரதியில் பார்த்தால் பேய் நல்ல வெயிலில் கடைவீதிக்குப் போவதுபோல் இருக்கும்! நீலம் ஏற்றிய பிரதியாகப் பாருங்கள்.

இப்படிப்பட்ட கைவேலைதான் என்னை இழுக்கிறது. 1957-ல் வந்த இத்தாலியப் படம் 'இ வம்பீரி'. இயக்குநர் ஃப்ரேடா பாதியில் விலக, ஒளிப்பதிவாளர் மாரியோ பாவா முடித்துக்கொடுத்தார். அதில் ஒரு சீமாட்டியின் முகம், ஒரு வெட்டுக்கூட இல்லாமல், நம் கண்ணெதிரே கிழடு தட்டுகிறது. கம்ப்யூட்டர் ஏது அப்போது? சுருக்கங்களை முன்கூட்டியே சிவப்பு மையால் முகத்தில் வரைந்துவிடுவார்கள். சிவப்பு விளக்கில் அவை தெரியாது. மெல்ல விளக்கைப் பச்சைக்கு மாற்றினால் கோடுகள் கறுத்துக் கிளம்பும். கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு நிறம் தெரியாது என்பதுதான் சூட்சுமம். வண்ணப் படமாக இருந்திருந்தால் விளக்கே காட்டிக்கொடுத்திருக்கும்.