ரப்பரில் தொங்கும் ஹார்டு டிஸ்க்குக்கு எர்த் வேண்டுமா?

சத்தம் குறைய, கம்ப்யூட்டரின் 3.5 அங்குல ஹார்டு டிஸ்க்கை ரப்பர் வளையங்களில் மாட்டியிருக்கிறேன். அதன் உலோக உடல் கேபினெட்டைத் தொடவே இல்லை. எர்த் இல்லாமல் டிஸ்க் கெட்டுவிடுமா? – வாசகர், ஈரோடு

கெடாது, நிம்மதியாக ஓட்டுங்கள். டிஸ்க்குக்கு வேண்டிய கிரவுண்டு திருகாணியை நம்பி இல்லை. பவர் ஒயரிலேயே வந்துவிடுகிறது. சாட்டா பவர் இணைப்பின் 15 முனைகளில் 5 முனைகள் கிரவுண்டுக்கே. பழைய நான்கு முனை இணைப்பென்றால் நடுவிலுள்ள இரண்டு கறுப்பு ஒயர்கள்.

மனம் கேட்கவில்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் ஒயர் டிஸ்க்கில் இருக்கும்போதே, மல்டிமீட்டரின் ஒரு முனையை டிஸ்க்கின் உலோக உடலிலும் மற்றதைக் கேபினெட்டில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வையுங்கள். 'பீப்' கேட்டால் வேலை முடிந்தது. கேட்காவிட்டால், பல இழைகள் கொண்ட மெல்லிய ஒயரை டிஸ்க்கின் திருகுத் துளையிலிருந்து கேபினெட்டுக்குத் தளர்வாக இணையுங்கள். விறைப்பான ஒற்றைக் கம்பி மட்டும் வேண்டாம். அதிர்வு அதன் வழியே தகட்டுக்கு ஏறி, நீங்கள் ரப்பர் போட்டதே வீணாகிவிடும்.

எனக்குக் கவலை சூட்டைப் பற்றித்தான். திருகி இறுக்கிய டிஸ்க்கின் வெப்பம் கேபினெட் தகட்டுக்கு இறங்கும். ரப்பர் அதைத் தடுத்துவிடும். டிஸ்க்குக்கு எதிரே சின்ன ஃபேன் ஒன்று மெதுவாகச் சுழலட்டும்.