மேட்டில் இழுக்காத ஜீப்: த்ரொட்டல் சென்சரைச் சோதிப்பது எப்படி?



யட்டியாந்தோட்டை, தெரணியகல, புளத்கொஹுபிட்டிய பக்கத்துத் தோட்ட ரோடுகள் எப்படியென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ராத்திரி நேரம் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற ஜீப், மேட்டில் இழுக்காமல் நின்றுவிட்டால் என்ன ஆகும்? அதனால்தான் இம்முறை இந்தப் பாடம். வண்டி ஓட்டுகிறவர்களுக்கும், கராஜ் வேலை பழகும் தம்பிமாருக்கும், பில் கட்டுகிற வீட்டாருக்கும் இது உதவும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி தொடங்கியது. பழைய வண்டியைத்தான் பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டியிருக்கிறது.

இது என்ன சாமான்?

அக்ஸிலேட்டரை மிதித்தால், எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வழியில் ஒரு தகடு திறக்கும். அது எவ்வளவு திறந்திருக்கிறது என்று வண்டியின் கம்பியூட்டருக்குச் சொல்வதுதான் த்ரொட்டல் பொசிஷன் சென்சர். உள்ளே இருப்பது பழைய ரேடியோவின் சத்தக் குமிழ் மாதிரித்தான். குமிழ் பழசானால் திருப்பும்போது ‘கர கர’ என்று ஒரு இடத்தில் சத்தம் விட்டுப்போகும் அல்லவா? உள்ளே கரிப்பூச்சு தேய்ந்த இடம் அது. சென்சரிலும் அதே கதைதான். வழக்கமாகக் கால் அரை மிதிக்குள்ளேயே நிற்பதால், அந்தப் பகுதிதான் முதலில் தேயும். தேய்ந்த இடத்தில் பிழையான தகவல் போய், பெற்றோல் அளவு குழம்பிவிடும்.

சுசுகி ஜிம்னி போன்ற இன்ஜெக்‌ஷன் பெற்றோல் வண்டிகளிலும், இன்ஜெக்‌ஷன் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றிலும் இது உண்டு. ‘ஃபோர் டி.ஆர். ஃபைவ்’ டீசல் எஞ்சின் உள்ள பழைய மிட்சுபிஷி ஜீப்பில் இது கிடையாது. அதற்கு இந்தச் சென்சர் மாற்ற வேண்டும் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

அறிகுறிகள்

மிதிக்கும்போது வண்டி வெட்டி வெட்டிப் போகும். நிறுத்தி வைத்தால் எஞ்சின் ஓட்டம் ஏறி இறங்கும், சிலசமயம் நின்றும் போகும். எஞ்சின் விளக்கு எரியலாம். ஸ்கேனர் போட்டால் பி 0120 முதல் பி 0123 வரையான எண்களில் ஒன்று வரும். ஆனால் கவனியுங்கள்: அந்த எண், கோளாறு இந்தச் சென்சரின் பக்கம் என்று மட்டுமே சொல்லும். வயர் அறுந்தாலும் அதே எண்தான் வரும். அழுக்கடைந்த த்ரொட்டல், காற்றுக் கசிவு, அடைத்த பெற்றோல் ஃபில்டர், பழைய பிளக் ஆகியவையும் இதேபோல வெட்ட வைக்கும். ஆகவே சோதிக்காமல் சாமான் வாங்காதீர்கள்.

சோதிக்கும் முறை

1. முதலில் கண்ணால் பாருங்கள். வயரை எலி கடித்திருக்கிறதா? சொக்கெட்டுக்குள் சேறு, பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா?

2. சாவியை ‘ஓன்’ நிலையில் வையுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, கறுப்பு முனையை பெட்டரி நெகட்டிவ்வில் பிடியுங்கள்.

3. சொக்கெட்டைக் கழற்றாமல், வயர் நுழையும் பின்பக்கத்தால் மெல்லிய ஊசியை விட்டுச் சிவப்பு முனையால் பாருங்கள். வயரின் தோலைக் குத்தாதீர்கள், ஈரம் இறங்கும். இரண்டு ஊசிகள் ஒன்றோடொன்று முட்டவும் கூடாது.

4. சாதாரணமாக மூன்று வயர் இருக்கும். ஒன்றில் சுமார் 5 வோல்ட், ஒன்றில் ஏறக்குறைய பூச்சியம். மூன்றாவதுதான் தகவல் வயர். மிதிக்காதபோது அதில் அரை முதல் ஒரு வோல்ட் வரை காட்டும். ஒருவர் மெதுவாக மிதிக்க, அது சீராக ஏறி 4 வோல்ட் அளவுக்குப் போக வேண்டும். சரியான கணக்கு அந்தந்த வண்டியின் புத்தகத்தில் இருக்கும். இடையில் சட்டென்று விழுந்து எழுந்தால் தேய்மானம்தான். முள் உள்ள பழைய மீட்டரில் இது இன்னும் நன்றாகத் தெரியும்.

5 வோல்ட் வரவில்லையென்றால் உடனே சென்சரை மாற்றாதீர்கள், முதலில் வயரைத் தேடுங்கள். மூன்றும் சரியென்றால் சென்சர் நல்லது, வேறு இடம் பாருங்கள்.

சரிசெய்தல்

சாவியை ‘ஓஃப்’ செய்து, பெட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். சொக்கெட்டை கொன்டாக்ட் கிளீனரால் கழுவி உலர விடுங்கள். பல தடவை இதோடு வேலை முடிந்துவிடும். சென்சரை மாற்ற வேண்டுமானால், கழற்றுமுன் அது நிற்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஸ்க்ரூத் துளை நீளமாக இருந்தால், மீட்டரைப் பார்த்து வோல்ட் சரிவந்த பிறகே இறுக்குங்கள். கடைசியாக ஸ்கேனரில் எண்ணை அழித்து, சமதரையில் ஓட்டிப் பார்த்த பிறகே மேடு ஏற்றுங்கள். மிதியிலிருந்து கேபிள் வராத புதிய வகை வண்டிகளைத் தேர்ந்த ஆளிடம் விடுங்கள். அதன் தகடு மோட்டரால் அசையும், விரலை விட்டால் நசுங்கும்.

மேட்டில் நின்றுவிட்டால்

எஞ்சின் நின்றால் ஓரிரு மிதியிலேயே பிரேக் கல்லாகிவிடும். பதறாமல் அழுத்தி மிதித்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சில்லுக்குப் பின்னால் கல் வையுங்கள். ஆட்களை ஓரமாக இறக்குங்கள், வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்க வேண்டாம். நோயாளி இருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

மீட்டர் ஒன்று கராஜில் இருந்தால் பத்து நிமிஷ வேலை இது. அடுத்த முறை “சென்சர் போயிருச்சு” என்று பாஸ் சொன்னால், “மீட்டர்ல எவ்வளவு காட்டுது அண்ணே?” என்று கேளுங்கள்.