தீவுக் குரலும் டோக்கியோ தாளமும்

ஜப்பான் என்றாலே நம் டிப்ளமோ மாணவர்களுக்கு ஞாபகம் வருவது டிரான்சிஸ்டரும் மோட்டார் கம்பெனிகளும்தான். அந்த நாட்டுப் பாட்டைப் பற்றியும் கொஞ்சம் படிப்போமே நண்பர்களே!

ஜப்பானின் தெற்கில் ககோஷிமா மாகாணத்தைச் சேர்ந்தது அமாமி ஓஷிமா தீவு. உலகப் போருக்குப் பின் அமெரிக்க நிர்வாகத்தில் இருந்து, 1953 டிசம்பரில் ஜப்பானிடம் திரும்பியது. இங்குள்ள நாட்டுப்பாடலுக்கு 'ஷிமா-உதா' என்று பெயர். ஷிமா என்றால் தீவு. அமாமிக்காரர்கள் வாயில் அது சொந்த ஊரையும் குறிக்கும். ஆக, ஊர்ப்பாட்டு! மூன்று தந்தி உள்ள சான்ஷின் வாத்தியத்தை மெல்லிய மூங்கில் குச்சியால் மீட்டிக்கொண்டே பாடுவார்கள். கனமாகப் போகும் குரல் திடீரென்று கள்ளக்குரலுக்குத் தாவி, மறுபடி இறங்கும். அந்தத் தாவல்தான் இதன் உயிர்.

இந்தத் தீவில் 1979-ல் பிறந்தவர் ஹாஜிமே சிதோசே என்ற பெண். 1996-ல் பள்ளியில் படிக்கும்போதே அமாமி நாட்டுப்பாடல் போட்டியில் பெரிய பரிசு வாங்கினார். ஆனால் பள்ளி முடித்ததும் போனது சிகை அலங்காரத் தொழில் கற்க! அங்கே பயன்படுத்தும் ரசாயனம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் அதை விட வேண்டியதாயிற்று. வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த எனக்கு இந்த இடத்தில் வயிற்றைக் கலக்கியது. படித்த தொழில் கைவிட்டால் என்ன செய்வோம், சொல்லுங்கள்?

அவர் டோக்கியோ போனார். 2002 பிப்ரவரியில் 'வதாசுமி நோ கி' என்ற பாப் பாடல் வந்தது. எழுதி இசையமைத்தவர் ராக் குழுவிலிருந்து வந்த உஏதா கென். தாளம் ரெக்கே சாயல். ரெக்கேயில் கிடார் அடிக்கு நடுவே வெட்டிவிட்டு நிற்கும், இடைவெளி நிறைய. அந்த இடைவெளியில் தீவுக் குரல் தாராளமாக நெளிகிறது. கீபோர்டின் 12 சுரங்களுக்குள் குரலை இஸ்திரி போடச் சொல்லவில்லை. இதுதான் அந்தப் பாட்டின் வெற்றி என்பேன். ஆரிகான் விற்பனைப் பட்டியலில் மெல்ல மெல்ல ஏறி முதலிடம் பிடித்தது.

"பாப்புக்குப் போனால் நாட்டுப்பாட்டு கெட்டுவிடும்" என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். ஹாஸ்டலில் என் ஊர்ப்பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டுமே! இவர் டோக்கியோ ஸ்டுடியோவிலேயே ஊர்க்குரலில்தான் பாடினார்.

2005-ல் ரியூயிச்சி சகாமோட்டோவுடன் சேர்ந்து, ஹிரோஷிமாவில் இறந்த சிறுமியைப் பற்றித் துருக்கிக் கவிஞர் நாசிம் ஹிக்மத் எழுதிய கவிதையைப் பாடினார். 2018-ல் ஷிமா-உதாக்களுக்கென்றே ஓர் ஆல்பம் வெளியிட்டார். கேட்க நினைப்பவர்கள் முதலில் அதைக் கேளுங்கள், பிறகு 'வதாசுமி'. குரல் தாவும் இடத்தைக் காது தானாகப் பிடித்துவிடும்.