பாதி சேர்ந்த பிறகு பாக்கெட் எதற்கு?

ஜப்பானின் கல்பி நிறுவனத்து ஜே லீக் சிப்ஸ் பாக்கெட்டைக் கையில் எடுப்பவர்கள் முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்பார்கள். பின்பக்கம் ஒட்டியிருக்கும் சின்ன உறைக்குள் கால்பந்து வீரர் ஒருவரின் கார்டு இருக்கும். யாருடையது என்று வெளியிலிருந்து தெரியாது. பாக்கெட்டில் இருக்கும் சிப்ஸோ வெறும் 22 கிராம். நாலு வாயில் தீர்ந்துவிடும்.

இந்த வியாபார உத்தி கால்பந்தோடு பிறந்ததல்ல. 1971-இல் கல்பி, காமென் ரைடர் என்ற தொலைக்காட்சி நாயகனின் படக் கார்டோடு நொறுக்குத்தீனி விற்றது. பிள்ளைகள் கார்டை எடுத்துக்கொண்டு தீனியைக் குப்பையில் வீச, நாடே முகம் சுளித்தது. ஆனாலும் வழக்கம் நிற்கவில்லை. 1973-இல் பேஸ்பால் வீரர்களின் கார்டுகள் வந்தன. 1993-இல் பத்து அணிகளோடு ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்துத் தொடரான ஜே லீக் தொடங்கியபோது ஜீகோ, லிட்பார்ஸ்கி, கேரி லினேகர் என்று உலகப் பெயர்கள் ஜப்பானில் ஆடின. கால்பந்து கார்டுக்குப் பிள்ளைகள் அலைந்ததில் ஆச்சரியமில்லை. (நாகோயா அணிக்கு ஆடிவிட்டு ஊர் திரும்பிய லினேகர், 1995 முதல் பிரிட்டனின் வாக்கர்ஸ் சிப்ஸ் விளம்பரங்களில் நடிக்கத் தொடங்கினார். சிப்ஸ் அவரை விடவில்லை!)

கார்டு சேர்ப்பதில் பழகியவர்களைக் கேட்டால், புதியவர்கள் பணத்தைக் கோட்டைவிடும் இடம் ஒன்றே என்பார்கள்: ஒரு தொகுதியின் எல்லாக் கார்டுகளும் சேரும்வரை பாக்கெட்டாக வாங்கிக் குவிப்பது. கணக்குப் போட்டால் விஷயம் புரியும். தொகுதியில் 100 கார்டுகள், பாக்கெட்டுக்கு ஒன்று, எல்லாம் சம அளவில் கலந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் 50 கார்டுகள் சராசரியாக 69 பாக்கெட்டில் வந்துவிடும். மீதி 50-ஐயும் பாக்கெட் வாங்கியே பிடிக்க வேண்டுமானால் இன்னும் ஏறக்குறைய 450 பாக்கெட் ஆகும். கடைசி ஒரே ஒரு கார்டுக்கு மட்டும் சராசரியாக 100. மொத்தம் 519 பாக்கெட், அதாவது 11 கிலோவுக்கு மேல் சிப்ஸ். எந்த வீட்டிலும் இதைத் தின்று தீர்க்க ஆளில்லை.

ஆகவே பாதி சேர்ந்ததும் பாக்கெட் வாங்குவதை நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து மற்றவர்களோடு கார்டு மாற்றிக்கொள்வதுதான் வழி. அந்த நேரத்தில் கையில் ஏற்கெனவே ஒரு கட்டு டபுள், அதாவது இரண்டாம் முறை வந்த கார்டுகள், இருக்கும், அதுதான் முதலீடு.

மாற்றுவதற்குப் பட்டியல் அவசியம். ‘என்னிடம் என்ன இருக்கிறது’ என்ற பட்டியலைவிட ‘என்னிடம் என்ன இல்லை’ என்ற துண்டுச்சீட்டு பத்து மடங்கு உதவும். ஆண்டு, தொகுதி, கார்டு எண் மூன்றும் அதில் இருக்க வேண்டும். வீரர் பெயரை மட்டும் எழுதினால் குழப்பம்தான், ஒரே வீரர் வெவ்வேறு தொகுதிகளில் வருவார். பளபளப்பான சிறப்புக் கார்டுக்குச் சாதாரணக் கார்டு நாலைந்து கேட்பது நியாயமே. ஆனால் இரண்டு சாதாரணக் கார்டுகளை மாற்றும்போது யார் பெரிய நட்சத்திரம் என்று பேரம் பேசுபவரிடம் அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள்.

கசங்கிய கார்டை மாற்ற முடியாது. உறையை நடுவில் பிடித்துக் கிழிப்பவர்கள் முனையை மடக்கிவிடுவார்கள். உறையை லேசாகத் தட்டிக் கார்டை ஒரு பக்கம் ஒதுக்கி, எதிர் ஓரத்தைக் கத்தரியால் வெட்டுவது நல்லது. சிப்ஸுக்குக் கைவைப்பது அதற்குப் பிறகு! எண்ணெய் விரல் பதிந்த கார்டு துடைத்தாலும் மங்கலாகவே இருக்கும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் ஓரத்தில் பள்ளம் விழும். பி.வி.சி. உறை நாளடைவில் கார்டில் ஒட்டிக்கொள்ளும். பாலிபுரோப்பிலீன் உறையே பாதுகாப்பு. ஜூன், ஜூலை மழைக்காலத்தில் ஜப்பானிய வீடுகளில் ஈரப்பதம் ஏறும்போது ஒரு பக்கம் மட்டும் படலம் ஒட்டிய மினுமினுப்புக் கார்டுகள் அப்பளம் போல வளையும். காகிதப் பக்கம் ஈரத்தை இழுக்கிறது, படலப் பக்கம் இழுப்பதில்லை. மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வைத்தால் போதும்.

கடையில் உறையைத் தடவித் தடவிச் சிறப்புக் கார்டைத் தேடுபவர்களும் உண்டு. அடுத்தவர் வாங்கப்போகும் கார்டை மடக்கி, சிப்ஸையும் நொறுக்கிவிட்டுப் போகும் அநாகரிகம் அது.

நட்சத்திரத்தைத் துரத்துபவர்கள் கவனிக்காமல் விடும் சரக்கும் இருக்கிறது: மறைந்துபோன அணிகளின் கார்டுகள். முதல் பத்து அணிகளில் ஒன்றான யோகோஹாமா ஃப்ளூகல்ஸ், அதே ஊரின் மரினோஸ் அணியோடு இணைக்கப்படும் என்று 1998 அக்டோபரில் அறிவித்தார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள், பலனில்லை. ஃப்ளூகல்ஸ் 1999 ஜனவரி 1 அன்று ஷிமிஸு எஸ்-பல்ஸை 2–1 என வென்று பேரரசர் கோப்பையை வாங்கியது. அதுவே அதன் கடைசி ஆட்டம். வெர்டி கவாசாகி அணியோ 2001-இல் டோக்கியோவுக்கு இடம் மாறி, பெயரையும் மாற்றிக்கொண்டது. இப்படிப்பட்ட அணிகளின் சட்டை போட்ட மாற்று வீரரின் கார்டுகூட மறுபடி அச்சாகப்போகும் சாதாரணக் கார்டு அல்ல. டபுள் கட்டைக் கொடுத்துத் தீர்ப்பதற்குமுன் அணிவாரியாகப் பிரித்து ஒரு முறை பார்ப்பது நல்லது. மறைந்துபோன அணி கண்ணில் பட்டால் ஒரு பிரதியாவது எடுத்துத் தனி உறையில் போட்டு, உறையின் மேல் ஆண்டையும் தொகுதியையும் எழுதிவிட வேண்டும்.