ஜாவா வாங்கப் போகும் தம்பிக்கு

மாதேஸ்வரன் மலையின் இந்தப் பக்கம் பாலாறு, கொளத்தூர், அந்தப் பக்கம் கொள்ளேகால், ஹனூர் என்று எங்கே போனாலும் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் ஒரு ஜாவாவோ எஸ்டியோ சாக்குப் போர்த்தி நிற்கும். மைசூரு யாதவகிரியில் இருந்த ஐடியல் ஜாவா ஆலையில் பிறந்த வண்டிகள் அவை. 1961இல் உற்பத்தி தொடங்கி 1996இல் ஆலையை மூடினார்கள். பால் கேன், புளி மூட்டை, மூன்று ஆள் என்று எதை ஏற்றினாலும் மலையேறிய வண்டி. இப்போது வீடியோ பார்த்துவிட்டு இளவட்டங்கள் தேடிக்கொண்டு வருகிறார்கள். "என்ன விலை கொடுக்கலாம்ணா?" என்பதுதான் முதல் கேள்வி. பட்டறையில் காலம் தள்ளியவன் என்பதால் கொஞ்சம் சொல்லலாம்.

1. வண்டிக்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தைக் கேள். எஞ்சினை லேத்தில் சரிசெய்துவிடலாம், டேங்கைத் தட்டி நிமிர்த்திவிடலாம். காகிதத்தைச் செய்ய முடியாது, செய்தால் குற்றம். புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் இரும்பில் இருக்கிறதா என்று பார். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய். ஆர்.டி.ஓ. ஆபீஸில் எடுக்கிற அதே பிரிண்ட்தான். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் விழ வேண்டும். ஓர் எண் மட்டும் கோணலாக இருந்தாலோ, அடியில் அரம் போட்ட தடம் தெரிந்தாலோ, வண்டியைத் தள்ளி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடு.

வண்டி யார் பேரில் இருக்கிறது என்பது அடுத்தது. இந்த வயசு வண்டிகளில் பாதிக்கு மேல் தாத்தா பேரில் இருக்கும், தாத்தா இருக்க மாட்டார். அப்போது வாரிசுச் சான்றும் படிவம் 31ம் வேண்டும். 29, 30 மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து நிற்காதே. பழைய புத்தகத்தில் பேங்க் கடன் முத்திரை இருந்தால் படிவம் 35. கர்நாடக வண்டியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்வதாக இருந்தால் அங்கிருந்து என்.ஓ.சி., அதாவது படிவம் 28. ஒரு மாநிலத்து வண்டி இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் எண் மாற்றியாக வேண்டும், சாலை வரியும் இங்கே புதிதாகக் கட்ட வேண்டும். பழைய புத்தகங்கள் பல கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. பணம் கொடுப்பதற்கு முன் அந்த எண்ணைப் பரிவாஹன் தளத்தில் போட்டுப் பார். வரவில்லை என்றால், அதை ஏற்றித் தரும் வேலை விற்பவர் தலையில்தான் இருக்க வேண்டும்.

2. முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய வண்டியை 'வின்டேஜ்' என்று பதிய 2021இல் விதி வந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், எண்ணில் 'விஏ' எழுத்து வரும், 10 ஆண்டு செல்லும். ஆனால் அந்த வண்டியைத் தினசரி ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு என்று எண்ணி எடுக்க வேண்டியதுதான். கடைத்தெருவுக்குப் போக வண்டி தேடுகிறவன், சாதாரணப் பதிவை 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்வதே நல்லது.

3. இருப்பதைப் பார்த்து மயங்காதே, இல்லாததை எழுது. ஒரு துண்டுத்தாளில் முன்னிருந்து பின்னாக வா. ஹெட்லைட் கூட்டுக்குள் பதிந்த ஸ்பீடோமீட்டர், டேங்கின் இரு பக்க முட்டி ரப்பர், கார்புரேட்டரை மறைக்கும் மூடி, செயினை முழுக்க மூடும் தகட்டுக் கூடு, டூல் பாக்ஸ் மூடிகள், இரட்டை சைலன்சர். கிக்கர் சொன்னபடி கேட்கிறதா பார். ஜாவாவில் கிக்கரை உதைத்த பிறகு முன்னால் திருப்பினால் அதுவே கியர் லீவர். தேய்ந்து நழுவினால் கைவைத்தியம் ஆகாது. எஞ்சினுக்குப் பிஸ்டனும் பேரிங்கும் இன்றும் கிடைக்கும். ஒரு பைசா பெறாது என்று நீ நினைக்கிற மூடிதான் ஒரு வருஷம் அலைய வைக்கும். மார்க்கெட்டில் புதிதாகச் செய்து விற்கிறார்கள்தான், பெரும்பாலும் தகரம் மெல்லிசு, துளை சேராது. 2018இல் புதிதாக வந்த ஜாவாவின் சாமான் இதற்கு ஒரு போல்ட்டுகூட ஆகாது; அது நான்கு ஸ்ட்ரோக் வண்டி.

4. டேங்கிலும் மட்கார்டிலும் ஒரு சின்னக் காந்தத்தை ஓட்டு. ஒட்டாத இடத்தில் பட்டி பார்த்திருக்கிறார்கள். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடி. இப்போது பங்க்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், அது ஈரம் இழுக்கும், நின்றுபோன டேங்கில் துரு சீக்கிரம் பிடிக்கும். பின்பக்கச் சட்டத்தையும் குனிந்து பார். கேன் மாட்டக் கம்பி வைத்து வெல்டு அடித்த வடு இருந்தால், பின் சக்கரத்தின் பின்னால் நின்று முன் சக்கரத்தோடு நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்.

5. பிஸ்டன் இறுகிப்போன எஞ்சினைக் கண்டு பயப்படாதே. ப்ளக்கைக் கழற்றி டீசல் ஊற்றி நாலு நாள் விட்டால் பல எஞ்சின் இளகிவிடும். விலையைக் குறைக்க அதைச் சாக்காகச் சொல்லிக்கொள். உண்மையிலேயே பயப்பட வேண்டியது கிராங்க்கேஸ் விரிசல். முன்பு செயின் அறுந்து அடித்திருந்தால் பல் சக்கரத்துப் பக்கம் அலுமினியம் உடைந்திருக்கும். ஆர்கான் வெல்டு அடித்து, மேலே வெள்ளிப் பெயின்ட் பூசி மறைத்திருப்பார்கள். அழுக்கு எஞ்சின் நல்ல எஞ்சின், பளபளப்பானதைத்தான் சந்தேகப்படு.

6. ஓடுகிற வண்டியாக இருந்தால் விலை பேசும் முன் மலைக்கு ஓட்டிப் போ. சமவெளியில் எல்லா வண்டியும் யோக்கியம். அடிவாரத் தாளபெட்டாவிலிருந்து மேலே ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில்தான் எஞ்சின் வாய் திறக்கும். பெட்ரோலில் லிட்டருக்குச் சுமார் 40 மில்லி டூ-டி ஆயில் கலந்திருக்கிறதா என்று உன் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்பு. பாதி ஏற்றத்தில், சூடேறச் சூடேற இழுப்பு செத்துக்கொண்டே போனால், சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. இல்லாவிட்டால் கிராங்க் ஆயில் சீல் வழியாகக் காற்று இழுக்கிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து கியர் ஆயில் குறைந்தால், கிளட்ச் பக்கத்துச் சீல் போய்விட்டது. சீல் விலை சொற்பம், ஆனால் அதை மாற்ற எஞ்சினைப் பிரித்து வேலை செய்ய வேண்டும்.

இறங்கும்போது ஒன்றை மறக்காதே. இந்த எஞ்சினுக்கு ஆயில் வருவது பெட்ரோலோடு. த்ராட்டிலை முழுக்க மூடிக்கொண்டு கியரில் நீளமாக இறங்கினால் பிஸ்டன் காய்ந்து பிடித்துக்கொள்ளும். அவ்வப்போது லேசாக முறுக்கிவிடு. பின் சக்கரம் இறுகுவதுபோல் தெரிந்தால் கிளட்சைப் பிடி. ஜாவாவில் கியர் லீவரை அழுத்தினாலே கிளட்ச் விடும், ஆனாலும் கை கிளட்ச் மேலேயே இருக்கட்டும். டிரம் பிரேக்கை நம்பி லாரி பின்னால் ஒட்டாதே. அமாவாசை, தீபாவளி, சிவராத்திரிக் கூட்டத்தில் சோதனை ஓட்டம் வேண்டாம்.

7. மாடல் பார்த்து மதிப்பு மாறும். மைசூருவிலிருந்து முதலில் வந்த ஜாவாவுக்கு அழகும் பேரும் அதிகம், அதனால் விலையும் அதிகம். 1978இல் வந்த எஸ்டி ரோடுகிங் ஓட்டுவதற்கு நல்லது, சாமானும் கிடைக்கும். முதல் வண்டியாக அதையே சொல்வேன். 350 இரட்டைச் சிலிண்டர் எஸ்டி குறைவாகத்தான் வந்தது. கற்றுக்கொள்கிறவன் அதன் பக்கம் போகாதே.

8. கணக்குப் போடு. வண்டி விலை, காகிதச் செலவு, போரிங், கிராங்க், டிங்கரிங், பெயின்ட், குரோம், டயர், வயரிங், இல்லாத சாமான். மொத்தத்தின் மேல் பாதியைக் கூட்டு. குரோமும் தகரமும்தான் பையைக் காலி செய்யும். அந்தத் தொகைக்கு ஏற்கனவே முடித்த நல்ல வண்டி கிடைக்குமானால், வியாபாரப்படி அதுவே லாபம். வேலை செய்கிற ருசிக்காக வாங்குகிறாய் என்றால் வாங்கு, விற்று லாபம் பார்க்கலாம் என்று மட்டும் வீட்டில் சொல்லி வைக்காதே.

9. கொட்டகைக்காரரிடம் "காயலான் கடைக்குத்தான் போகும்" என்று பேசி விலை குறைக்காதே. அவர் அப்பா அதில் பால் ஊற்றிக் குடும்பம் நடத்தியிருப்பார். குறையைக் கையால் காட்டு, உன் தொகையைச் சொல், ஒத்துவராவிட்டால் நம்பர் கொடுத்துவிட்டு வா.

10. ஜூலை மாதம் இரண்டாம் ஞாயிறு உலக ஜாவா நாள். மைசூருவிலும் பெங்களூருவிலும் வண்டிகள் திரளும். சரியான மூடி எப்படி இருக்கும், சரியான சத்தம் எப்படிக் கேட்கும் என்று அங்கே பார்த்து, கேட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வா. அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே.