வளைந்தது சட்டமா, கையா?

எல்லாக் காலத்துக்குமான தலைசிறந்த கிரிக்கெட் அணியைத் தேர்ந்தெடுப்பது, அதாவது வெவ்வேறு தலைமுறைகளில் ஆடிய பதினொரு பேரைக் கற்பனையில் ஒரே திடலில் இறக்கிப் பார்ப்பது, பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளிலும் கிள்ளான் லிட்டல் இந்தியாவின் தேநீர் மேசைகளிலும் சலிக்காத பொழுதுபோக்கு என்றாலும், சுழற்பந்து வீச்சாளரின் இடம் வந்தவுடன் பேச்சு ஒவ்வொரு முறையும் ஒரே பொய்யில் போய் முட்டிக்கொள்கிறது. இலங்கையின் முத்தையா முரளிதரன் பந்தை வீசவில்லை, எறிந்தார். அவரைக் காப்பாற்றவே சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் சட்டத்தை வளைத்தது. ஆகவே ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்னேக்குப் பக்கத்தில் நிற்க அவருக்குத் தகுதியில்லை என்பதே அந்தப் பொய். இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வுக்கூடத்தில் முடிந்துபோன வழக்கை இன்னமும் சாப்பாட்டு மேசையில் நடத்துவது அறியாமை என்பதைவிடச் சோம்பல் என்பதே பொருந்தும். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் வழிவந்தோரே, கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஒரு தமிழரின் பேரனைப் பற்றி இப்படிப் பேசுவது வேடிக்கைதான். ஆனால் இனப்பாசத்தை இங்கே சாட்சிக்கு அழைக்கத் தேவையில்லை, அளவுகோலே போதும்.

முதலில் எறிதல் என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். முழங்கை மடங்கியிருப்பதைக் கிரிக்கெட் சட்டம் குற்றமாகக் கருதுவதில்லை. கை தோள் மட்டத்துக்கு வந்த கணத்திலிருந்து பந்து விரலை விட்டுப் பிரியும் கணம் வரைக்குள் அந்த மடக்கு நிமிர்வதையே அது தடுக்கிறது. முரளிதரனின் வலது முழங்கை பிறவியிலேயே முழுமையாக நிமிராதது. மணிக்கட்டும் தோளும் வழக்கத்துக்கு மாறாகச் சுழலக்கூடியவை. இவை மூன்றும் ஒன்று சேரும்போது, நிமிராத கை நிமிர்வதைப் போன்ற ஒரு தோற்ற மயக்கம் பார்ப்பவர் கண்ணில் உண்டாகிறது என்பதை 1996இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் நடந்த சோதனைகள் எடுத்துக்காட்டின. 2004இல் எஃகுத் தண்டு பொருத்திய கட்டு ஒன்றைக் கையில் அணிந்து, முழங்கை அசையவே முடியாத நிலையில், அதே பந்துகளை அவர் படக்கருவியின் முன் வீசிக் காட்டினார்.

கண்ணின் நம்பகத்தன்மைக்கு 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பர்னில் நடந்ததே போதிய சான்று. பந்துவீச்சு முனையில் நின்ற நடுவர் டாரல் ஹேர் மூன்று ஓவர்களில் ஏழு முறை நோ பால் என்று கைநீட்டினார்; அதே நாளில், அதே கையால், எதிர் முனையிலிருந்து முரளிதரன் வீசியபோது அங்கே நின்ற ஸ்டீவ் டன் ஒருமுறைகூட கைநீட்டவில்லை. பத்து நாள் கழித்துப் பிரிஸ்பேனில் நடுவர் ராஸ் எமர்சன் முரளிதரனின் லெக் பிரேக் பந்துகளையும் நோ பால் என்றார். மணிக்கட்டைப் புரட்டி வீசும் அந்தப் பந்தை எறிந்து போடுவது ஏறத்தாழ இயலாத காரியம் என்பதைச் சிறுவர் அணிப் பயிற்சியாளரும் அறிவார்.

இனிச் சட்டத்துக்கு வரலாம். 2004 வரை, டிகிரி என்று பேச்சில் வழங்கும் பாகைக் கணக்கில், சுழற்பந்து வீச்சாளருக்கு 5, மிதவேகப் பந்துவீச்சாளருக்கு 7.5, வேகப்பந்து வீச்சாளருக்கு 10 என்று நிமிர்வுக்கு வரம்பு இருந்தது. அவ்வாண்டு இங்கிலாந்தில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பையில் பந்துவீச்சாளர்களை அதிவேகப் படக்கருவிகளால் பதிவுசெய்து ஆராய்ந்தபோது, ஏறக்குறைய எல்லோருடைய முழங்கையும் ஓரளவு நிமிர்வது தெரியவந்தது. தூய்மையின் இலக்கணமாகக் கருதப்பட்ட வேகப்பந்து வீச்சாளர்களிலேயே சிலர் 10 பாகையைத் தாண்டியிருந்தார்கள். பழைய வரம்பை எழுத்துப் பிசகாமல் நடைமுறைப்படுத்தியிருந்தால் காலியாகியிருப்பது கொழும்பு அல்ல, பெர்த்தும் ஜோகன்னஸ்பர்க்கும்தான். 15 பாகைக்கு உட்பட்ட நிமிர்வு வெறுங்கண்ணுக்குப் புலப்படாது என்பதை அடிப்படையாகக் கொண்டு, அரவிந்த டி சில்வா, ஆங்கஸ் ஃபிரேசர், மைக்கேல் ஹோல்டிங் முதலியோர் அடங்கிய குழு பரிந்துரைத்த பொது வரம்பு 2005 மார்ச் முதல் நடப்புக்கு வந்தது. இந்தத் தளர்வைத் தொடக்கத்தில் எதிர்த்த ஹோல்டிங்கே சான்றுகளைப் பார்த்தபின் மனம் மாறினார் என்பதை வதந்தி பரப்புவோர் குறிப்பிடுவதில்லை.

அவர்கள் பற்றிக்கொள்ளும் ஒரே துரும்பு, ஆஃப் ஸ்பின் கைச்செயலிலேயே மறுபக்கம் திரும்பும் தூஸ்ரா பந்தில் முரளிதரனின் முழங்கை 14 பாகை நிமிர்ந்ததாக 2004இல் பெர்த்தில் அளக்கப்பட்டதாகும். அது உண்மை, அன்றைய 5 பாகை வரம்பை அது மீறியதும் உண்மை. ஆனால் அச்சோதனைக்கு முன்பே அவர் 500 விக்கெட்டுகளைக் கடந்துவிட்டார்; அவற்றை ஈட்டித் தந்த முதன்மை ஆயுதமான ஆஃப் ஸ்பின் பந்து அந்தச் சோதனையில் கேள்விக்கே உள்ளாகவில்லை. மேலும் 15 பாகை என்பது யாருக்கும் கொடுத்த மன்னிப்புச் சீட்டு அன்று: 2014இல் அதே வரம்பைக் கொண்டுதான் பாகிஸ்தானின் சயீத் அஜ்மல் தடை செய்யப்பட்டார், சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடமும் அதே கணக்கில்தான் வீச்சாளர்களை அளக்கிறது.

வங்கதேசத்தையும் ஜிம்பாப்வேயையும் வீழ்த்தியே முரளிதரன் எண்ணிக்கையைப் பெருக்கினார் என்பது அடுத்த முணுமுணுப்பு. அவ்விரு அணிகளுக்கு எதிரான 176 விக்கெட்டுகளைக் கழித்தாலும் 624 மிஞ்சுகின்றன, அவையும் ஒரு விக்கெட்டுக்கு 25 ஓட்டத்துக்குக் குறைவான சராசரியில். வார்னேயின் மொத்தச் சராசரியே 25.41. ஆஸ்திரேலிய மண்ணில் முரளிதரன் 5 டெஸ்டுகளில் 12 விக்கெட்டுகளே எடுத்து எடுபடாமல் போனதை மறைக்க வேண்டியதில்லை. இந்திய மண்ணில் வார்னேயின் சராசரி 43ஐத் தாண்டியதையும் உடன் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இத்தனை மெனக்கெடத் தேவையில்லை. கனவு அணியில் ஒரே சுழற்பந்து வீச்சாளருக்குத்தான் இடமுண்டு என்பது தவறு. டான் பிராட்மேன் தேர்ந்த அணியில் ஓ'ரைலி, கிரிம்மெட் என இரண்டு லெக் ஸ்பின்னர்கள் இருந்தார்கள். பிராட்மேனின் 99.94 சராசரி எளிய எதிரிகளால் வந்தது என்பது, அதே எதிரிகளை ஆடிய வேறெவரும் அதன் அருகில்கூட வரவில்லை என்பதோடு முடிந்துபோகும். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் டெண்டுல்கர் எடுத்த ஓட்டங்கள் அவருடைய ஒருநாள் சர்வதேசக் கணக்கில் சேரா. 2006இல் பூச்சோங் கின்ராரா ஓவலில் அவர் ஆட்டமிழக்காமல் 141 எடுத்த போட்டியில் இந்தியா வென்றதாகச் சொல்வதும் பிழை. மழை குறுக்கிட்டு வென்றது மேற்கிந்தியத் தீவுகள்.

கிள்ளானை அடுத்த பண்டமாரானில் பாயுஎமாஸ் ஓவல் என்றொரு திடல் இருப்பதை இந்த மேசைகளில் எத்தனை பேர் அறிவார்கள் என்பது வேறு கேள்வி. 2023 ஜூலை 26 அன்று சீனாவை 23 ஓட்டத்தில் சுருட்டி, 8 ஓட்டத்துக்கு 7 விக்கெட் எடுத்து, ஆடவர் டி20 சர்வதேசப் போட்டிகளில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் வீரராக மலேசியாவின் ஷியாஸ்ருல் இட்ருஸ் ஆனது அங்கேதான்; ஏழு பேரும் ஸ்டம்ப் பெயர்ந்து வெளியேறினார்கள். 2025 ஜனவரியில், 19 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பை அரையிறுதியில் மதுரைப் பெண் கமலினி ஆட்டமிழக்காமல் 56 எடுத்ததும் அதே திடலில். தம் பிள்ளைகளை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, அங்கே அழைத்துச் செல்லும் பெற்றோர் ஸ்கொயர் லெக் பக்கமாக எல்லைக்கோட்டருகே நின்று, யாரேனும் ஒரு சுழற்பந்து வீச்சாளரின் முழங்கை எத்தனை பாகை நிமிர்கிறது என்று வெறுங்கண்ணால் அளந்து பார்க்கட்டும். மெல்பர்ன் நடுவரின் கண்ணைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு தொடரலாம்.