விளக்கேந்தி வீடு துலக்கிய கொச்சி மக்கள்

மார்கழியின் இறுதி நாளில் நாம் போகி கொண்டாடுகிறோம். பழையன கழித்து, வீட்டைக் கழுவி, வாயிலில் கோலமிட்டுப் பொங்கலை வரவேற்கிறோம். இத்தகைய வழக்கம் தமிழர்க்கு மட்டுமே உரியது என்று நம்மில் பலர் எண்ணக்கூடும். கேரளத்துக் கொச்சி நகரில் வாழ்ந்த யூதர்களோ, குளிர்காலத்திலேயே வீடு துலக்கத் தொடங்கி, மூன்று திங்களுக்கு மேலாக அப்பணியைத் தொடர்ந்தனர். அம்முறையை இப்பாடத்தில் காண்போம்.

மலையாளக் கரையில் யூதர் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தவர். ஏறக்குறைய கி.பி. 1000-ஆம் ஆண்டில், பாஸ்கர ரவிவர்மன் என்னும் சேர மன்னன், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சிறப்புரிமைகள் வழங்கிச் செப்பேடு அளித்தான். அது வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. தமிழ்க் கல்வெட்டுகளிலும் நாம் காணும் எழுத்து அதுவே. மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுப்பப்பட்ட அவர்தம் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது.

யூதர்களின் பெருநாள்களுள் ஒன்று பெசாக். தம் முன்னோர் எகிப்தில் அடிமைத்தளை நீங்கியதை நினைவுகூரும் இத்திருநாள், மார்ச்சு அல்லது ஏப்பிரல் திங்களில் வரும். மாவு புளிக்கவும் நேரமின்றி அவர்கள் விரைந்து புறப்பட்டனர் என்பது மரபு. ஆதலின், அந்நாள்களில் புளித்த மாவுப் பண்டத்தின் துணுக்கும் வீட்டில் இருத்தலாகாது.

டிசம்பர் வாக்கில் வரும் ஹனுக்கா என்னும் விளக்குத் திருநாள் முடிந்தவுடனேயே கொச்சி யூதப் பெண்டிர் பணியைத் தொடங்குவர். பெசாக்கிற்கென அரிசியும் மசாலைப் பொருள்களும் வாங்கித் தனியறையில் காப்பர். அரிசியை மணிமணியாக ஆராய்ந்து, விரிசல் கண்டவற்றை நீக்குவர். சுவர்களைச் சுரண்டிப் புதுவண்ணம் பூசுவர். கிணற்று நீரை முற்றும் இறைத்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுவர். சமைக்கவும் உண்ணவும் தனிப் பாத்திரங்களை எடுப்பர். திருநாளுக்கு முந்திய இரவில் விளக்கேந்தி மூலைமுடுக்கெல்லாம் துணுக்குகளைத் தேடுவதும், மறுநாள் காலையில் அவற்றை எரிப்பதும் உலகெங்கும் யூதர் இல்லங்களில் உள்ள வழக்கமாகும்.

இதிலிருந்து நாம் கற்பன யாவை? முன்கூட்டியே தொடங்குதல் ஒன்று; எளிதில் கண்ணுக்குத் தெரியாத இடங்களையும் ஆராய்தல் மற்றொன்று.

நம் மலாக்கா மாநிலத்தில் பனிக்காலம் இல்லை. வெயிலும் மழையும் மாறிமாறி வரும் பெம்பான் வட்டாரத்தில் நாம் தேட வேண்டியது ஏடிஸ் கொசுவின் முட்டையை! வாளி, பூச்சட்டித் தட்டு, பழைய டயர் ஆகியவற்றின் உட்சுவரில், நீர்மட்டத்தை ஒட்டி அம்முட்டைகள் பற்றிக்கொண்டிருக்கும். நீர் வற்றினும் அவை பல மாதம் அழியா. எனவே, நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. கிணற்றுச் சுவரைத் தேய்த்த கொச்சிப் பெண்டிரைப் போல் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். நீரில் அமிழ்ந்த முட்டை ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களில் கொசுவாகிவிடும்; ஆதலின் வாரம் ஒருமுறை இதனைச் செய்க. கழித்த பொருள்களை எரித்தலும் வேண்டா. திறந்தவெளியில் குப்பை எரிப்பதை நம் நாட்டுச் சுற்றுச்சூழல் சட்டம் தடுக்கிறது.

இஸ்ரேல் நாடு 1948-இல் தோன்றியபின், கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். இன்று கொச்சியில் எஞ்சியோர் ஒருசிலரே. அவர்தம் இல்லங்களில் அப்பெரும்பணியை மிகுதியும் சுமந்தவர் பெண்டிரே. நம் இல்லங்களிலும், விடியுமுன் வேலைக்குச் சென்று திரும்பும் அன்னையரே துடைப்பத்தையும் ஏந்துகின்றனர். இச்சுமையைப் பகிர்ந்துகொள்ளுதல் ஆண் பெண் இருபால் மாணவர்க்கும் கடமையாகும்.

செய்து பார்ப்போம்:
1. வீட்டைச் சுற்றி நீர் தேங்கும் இடங்களைப் பட்டியலிடுக.
2. மார்கழி முதல் நாள் தொடங்கி, நாளுக்கொரு பணியை வீட்டாரிடையே பகிர்ந்தெழுதுக.
3. போகிக்கும் பெசாக்கிற்கும் உள்ள ஒற்றுமை இரண்டைக் கூறுக.